முகப்பு விளக்கை மாற்றுவது: ஹாலஜனா, எல்இடி பல்பா, செனானா, முழு விளக்கா?

இரவில் சாலை சரியாகத் தெரியவில்லை என்று உணரத் தொடங்கும் வாகன உரிமையாளருக்கு முதலில் தோன்றுவது பல்பை மாற்றிவிடலாம் என்பதுதான். மாற்றப் போனால் நான்கைந்து வழிகள் எதிரே நிற்கின்றன. அதே வகை ஹாலஜன் பல்பைப் புதிதாகப் போடலாம். அதே ஹோல்டரில் பொருந்தும் எல்இடி பல்பைப் போடலாம். செனான் கிட் ஒன்றைப் பொருத்தலாம். விளக்கையே முழுதாகக் கழற்றி வேறொன்றை வைக்கலாம். இருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கூடுதல் விளக்குகளைச் சேர்க்கலாம். இவற்றுள் எது நல்லது என்று வாசகர்கள் கேட்கும்போது, கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது: இது சட்டப்படி செல்லுமா, எல்லோரும்தான் போட்டிருக்கிறார்களே, யாரும் பிடிப்பதாகத் தெரியவில்லையே?

அந்த இரண்டாவது கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு முதலாவதற்கு விடை சொல்ல முடியாது. விளக்கு விதிகள் எழுதப்பட்டிருப்பது வாகனத்தை ஓட்டுபவருக்காக மட்டுமல்ல, எதிரே வருபவருக்காகவும்தான். அமலாக்கம் தளர்ந்திருக்கும் இடத்தில் அந்த எதிரே வருபவருக்கு வேறு பாதுகாப்பு இல்லை. எனவே ஒப்பிடுவதற்கான அளவுகோல்களையும், விதிகள் நடைமுறையில் எங்கே பிடிக்கின்றன, எங்கே நழுவுகின்றன என்பதையும் முதலில் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொரு வழியையும் எடுத்துக்கொள்கிறேன்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

ஒப்புதல். விளக்கு விதிகளின் அடிப்படைக் கருத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒப்புதல் என்பது பல்புக்குத் தனியாகவோ விளக்குக்குத் தனியாகவோ முடிந்துவிடுவதில்லை; எந்த விளக்கில் எந்த வகை ஒளிமூலம் என்ற இணைப்பையே சட்டம் ஏற்கிறது. வாகன விதிகள் குறித்த 1958-ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தத்தின் கீழ் வரும் விதிகளில், இழை பல்புகளுக்கு 37-ஆம் விதி, செனான் போன்ற வாயு மின்னிறக்க பல்புகளுக்கு 99-ஆம் விதி, எல்இடி ஒளிமூலங்களுக்கு 128-ஆம் விதி, ஹாலஜன் முகப்பு விளக்குக்கு 112-ஆம் விதி, செனான் முகப்பு விளக்குக்கு 98-ஆம் விதி, இவற்றையெல்லாம் வாகனத்தில் எந்த உயரத்தில் எப்படிப் பொருத்துவது என்பதற்கு 48-ஆம் விதி என்று தனித்தனியே இருக்கின்றன. எச்7 என்ற ஒற்றை இழை ஹாலஜன் பல்புக்கு என்று ஒப்புதல் பெற்ற விளக்கில் வேறு எதைச் செருகினாலும், செருகப்பட்ட பொருள் எவ்வளவு தரமானதாக இருந்தாலும், விளக்கின் ஒப்புதல் அங்கே அற்றுப்போகிறது. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை என்றாலும் அதன் ஏஐஎஸ் (வாகனத் தொழில்துறை) தரநிலைகள் பெரும்பாலும் இவ்விதிகளை ஒட்டியே அமைந்தவை. அமெரிக்காவில் 108-ஆம் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரநிலை வேறு வழியில் செல்கிறது: அங்கே அரசு முன்கூட்டி ஒப்புதல் தருவதில்லை, தயாரிப்பாளரே தன் பொருள் தரநிலைக்கு உட்பட்டது என்று சான்றளித்து, போக்குவரத்துத் துறையைக் குறிக்கும் டிஓடி என்ற குறியைப் பொறிக்கிறார். ஆகவே அந்தக் குறியை அரசாங்கமே சோதித்துக் கொடுத்த முத்திரை என்று எண்ணிவிடக் கூடாது.

ஒளி எங்கே விழுகிறது. எவ்வளவு ஒளி என்பது இரண்டாம் பட்சம். டிப் செய்த ஒளிக்கற்றைக்கு, அதாவது லோ பீமுக்கு, மேலே ஒரு வெட்டுக்கோடு உண்டு. அதற்குக் கீழே வெளிச்சம், மேலே ஏறக்குறைய இருள். அந்தக் கோடு பொதுவாக நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அதாவது பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர். தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கின் வெட்டுக்கோடு 65 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். அதே விளக்கு ஒரே ஒரு பாகை மேலே ஏறிவிட்டால், கீழ்நோக்கிப் போக வேண்டிய கோடு மேல்நோக்கி எழுந்து, 50 மீட்டர் தொலைவில் ஒரு மீட்டருக்கும் மேல் நிற்கும். எதிரே வரும் கார் ஓட்டுநரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

அமலாக்கம். பிடிபடுவோமா என்பதோடு இது முடிவதில்லை. ஆண்டுச் சோதனையில் என்ன ஆகும், விபத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்பவையும் இதில் அடங்கும்.

மறைமுகச் செலவும் பழைய நிலைக்குத் திரும்ப முடிவதும். ஒயரிங், வெப்பம், எச்சரிக்கை விளக்குகள், பொருத்தும் கூலி, ஆயுள், பதிவுச் சான்றில் மாற்றம் ஆகியவை பல்பின் விலைச்சீட்டில் எழுதப்பட்டிருப்பதில்லை.

## அமலாக்கம் எங்கே பிடிக்கிறது, எங்கே நழுவுகிறது

விற்பனை, சாலைச் சோதனை, தகுதிச் சோதனை, விபத்துக்குப் பிந்தைய விசாரணை என்று நான்கு இடங்களில் விதி உரிமையாளரைச் சந்திக்கக்கூடும். இவற்றுள் முதலாவது மிகவும் தளர்வானது. ஒப்புதல் இல்லாத பல்புகளை விற்பவர்கள் பெட்டியின் ஓரத்தில் "பொதுச் சாலையில் பயன்படுத்துவதற்கல்ல" என்று சிறிய எழுத்தில் அச்சிட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரியால் பொறுப்பு முழுவதும் வாங்குபவரின் தலையில் வந்து விழுகிறது. முகப்பு விளக்கின் ஹோல்டருக்கென்றே அச்சுப்பிசகாமல் செய்யப்பட்ட ஒரு பொருளைப் பொதுச் சாலை தவிர வேறு எங்கே எத்தனை பேர் பயன்படுத்தப் போகிறார்கள் என்ற கேள்வியை விற்பவரும் கேட்பதில்லை, பல நாடுகளில் சட்டமும் அழுத்திக் கேட்பதில்லை. இதை ஒரு பெரிய ஓட்டை என்றே நான் கருதுகிறேன்.

சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், பாதுகாப்புத் தரநிலைக்கு உட்பட்டுப் பொருத்தப்பட்ட ஒன்றைச் செயலிழக்கச் செய்யக் கூடாது என்று தயாரிப்பாளர், விற்பனையாளர், பழுதுபார்க்கும் தொழிலகம் ஆகியோரைத் தடுக்கிறது. உரிமையாளர் தன் கையால் செய்துகொள்வதை அது தொடுவதில்லை. அந்த வாகனத்தைச் சாலையில் ஓட்டலாமா என்பதை மாநிலச் சட்டங்கள் தீர்மானிக்கின்றன. ஜெர்மனியில் விளக்குப் பாகங்களுக்கு வடிவமைப்பு ஒப்புதல் கட்டாயம். ஒப்புதலற்ற பல்பைப் பொருத்தினால் வாகனத்தின் இயக்க அனுமதியே கேள்விக்குள்ளாகிறது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வாகனம் மாறிப்போகும்படி மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது.

சாலையோரச் சோதனையில் காவலரிடம் ஒளிக்கற்றையை அளக்கும் கருவி பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே கண்ணுக்குத் தெரிவதையே அவரால் பிடிக்க முடிகிறது: நீலம் கலந்த நிறம், ஒரு பக்கம் அணைந்த விளக்கு, பம்பரின் மேல் வரிசையாக நிற்கும் கூடுதல் விளக்குகள். இதனால் ஒரு விபரீதம் நேர்கிறது. வெண்மையாக எரிந்து எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் எல்இடி பல்பு தப்பித்துக்கொள்கிறது; ஒளி குறைவாக இருந்தாலும் நீலப் பூச்சுள்ள பல்பு மாட்டிக்கொள்கிறது.

தகுதிச் சோதனை மையங்களில் ஒளிக்கற்றை சோதிக்கும் பெட்டி இருக்கும். விளக்குக்கு முன்னால் அதை நிறுத்தி உள்ளே தெரியும் திரையைப் பார்த்தால் வெட்டுக்கோட்டின் உயரமும் கூர்மையும் உடனே தெரிந்துவிடும். பிரிட்டனின் ஆண்டுச் சோதனைக் கையேடு, ஹாலஜன் விளக்கைச் செனானுக்கு மாற்றியிருந்தால் அதைத் தேறவில்லை என்றே குறிக்க வேண்டும் என்று 2021 முதல் வெளிப்படையாகச் சொல்கிறது. சோதனைக்கு முதல் நாள் பழைய பல்பைப் போட்டு, மறுநாள் திரும்ப மாற்றிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இப்படி இருமுறை கழற்றி மாட்டுவதில் ஹோல்டரின் கிளிப் வளைந்து, பல்பு சரியாக உட்காராமல் போய், நல்ல விளக்கும் கெட்டுப்போவதுதான் மிச்சம்.

நான்காவது இடமாகிய விபத்து விசாரணைதான் உண்மையில் கடுமையானது. இரவில் நேர்ந்த மோதலில் "எதிரே வந்த விளக்கின் கூச்சத்தில் எதுவும் தெரியவில்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டால், விளக்கைத் திறந்து பார்ப்பார்கள். அங்கே ஒப்புதலற்ற பல்பு இருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் வேறு சான்று தேட வேண்டியிருக்காது. ஐந்தாண்டுகளாக யாரும் பிடிக்கவில்லை என்பது அந்த இடத்தில் ஒரு வாதமாகாது.

## வழி ஒன்று: இருக்கும் விளக்கையே சீர்செய்து, அதே வகை பல்பைப் போடுவது

வெளிச்சம் போதவில்லை என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன். ஏனென்றால், குறைந்துபோனது பெரும்பாலும் பல்பின் திறன் அன்று. பல்பைச் சுற்றியுள்ளவற்றின் நிலை.

முதலில் லென்ஸ். இன்றைய முகப்பு விளக்குகளின் முன்பக்கம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பூச்சை அரித்தபின் அது மஞ்சளாகி, கலங்கி, ஒளியைத் தடுப்பதோடு கண்டபடி சிதறவும் விடுகிறது. கலங்கிய லென்ஸுக்குப் பின்னால் எந்தப் பல்பைப் போட்டாலும் கூச்சம் கூடுமே தவிரப் பார்வை கூடாது. மெருகேற்றிப் புதிய பாதுகாப்புப் பூச்சு பூசினால் பலன் தெரியும். பூச்சில்லாமல் வெறுமனே தேய்த்துவிட்டால் சில மாதங்களிலேயே பழையபடி ஆகிவிடும்.

அடுத்தது மின்னழுத்தம். இழை பல்பின் ஒளி, மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. அதைவிட மிக வேகமாகக் குறைகிறது. ஹோல்டரில் கிடைக்கும் மின்னழுத்தம் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் ஒளி ஏறக்குறைய பதினாறு குறையும். பத்து குறைந்தால் முப்பதுக்குப் பக்கத்தில் போய்விடும். துருப்பிடித்த எர்த் இணைப்பு, தேய்ந்த சுவிட்சு, மெல்லிய பழைய ஒயர் இவற்றில் ஏதேனும் ஒன்று போதும் இதைச் செய்ய. எஞ்சின் ஓடும்போது, விளக்கு எரியும்போது, பேட்டரி முனைகளிலும் ஹோல்டரின் முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் எவ்வளவு தொலைகிறது என்பது நிமிடத்தில் தெரிந்துவிடும். எர்த்தைச் சுத்தம் செய்து, தேவையானால் ரிலேயுடன் கூடிய ஒயரிங் போட்டால், பல்பைத் தொடாமலேயே வெளிச்சம் கூடும்.

பிறகுதான் பல்பு. லோ பீம், ஹை பீம் இரண்டுக்கும் தனித்தனி இழை கொண்ட எச்4 என்றால் 60/55 வாட், லோ பீமில் 1000 லூமென் (ஒளியளவின் அலகு), ஹை பீமில் 1650. எச்7 என்றால் 55 வாட், 1500 லூமென். இவை 37-ஆம் விதி வரையறுத்தவை, சிறிய ஏற்ற இறக்கத்துக்கு மட்டும் இடமுண்டு. பெட்டியில் "நூற்றைம்பது சதவீதம் கூடுதல்" என்று எழுதியிருக்கும் ஒப்புதல் பெற்ற ஹாலஜன் பல்புகளும் இதே வரம்புக்குள்தான் எரிகின்றன. இழையைச் சுருக்கி, வாயுவையும் அழுத்தத்தையும் மாற்றி, கற்றையின் குறிப்பிட்ட இடத்தில் செறிவைக் கூட்டுகிறார்கள். அந்தச் சதவீதம் அந்த இடத்துக்கு உரியது. சட்டப்படி சிக்கலில்லை, சாலையில் வேறுபாடும் தெரியும். இதற்கு மறைமுகச் செலவு ஆயுள்: பல்பு சீக்கிரமே போய்விடும்.

இங்கே ஒரு பொறியைச் சொல்ல வேண்டும். எச்4 வடிவிலேயே 100/90 வாட் பல்புகள் கிடைக்கின்றன. இரண்டு விளக்கும் ஹை பீமில் எரியும்போது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 17 ஆம்பியர் ஓடும். 60 வாட்டுக்கென்று போடப்பட்ட ஒயரும் சுவிட்சும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோல்டர் உருகுவதும், பல்பின் ஒளியை முன்னோக்கித் திருப்பும் ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு கருகுவதும் இதனால்தான். விதிகளின் கீழ் இது ஒப்புதலற்ற பல்பு. ஒப்புதலற்ற எல்இடி பல்பைப் போலவே விலக்க வேண்டியது.

சோதனையிலோ விபத்து விசாரணையிலோ இந்த வழியைத் தேர்ந்தவருக்கு அஞ்ச ஒன்றுமில்லை.

## வழி இரண்டு: ஹாலஜன் விளக்கில் எல்இடி பல்பு

பெரும்பாலானோர் கேட்பது இதைப் பற்றித்தான், ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

எச்4 பல்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு சுருள் இழைகள். முன்னால் இருக்கும் லோ பீம் இழைக்கு அடியில் குழிந்த சிறு உலோகக் கிண்ணம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்தக் கிண்ணம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் தடுக்கிறது. கீழ்ப்பாதியில் பட்டிருந்தால் அந்த ஒளி மேல்நோக்கி எழும்பி எதிரே வருபவரின் கண்ணில் போயிருக்கும். கிண்ணத்தின் விளிம்புதான் சாலையில் நாம் காணும் வெட்டுக்கோடாக விரிகிறது. இழையின் நீளம், தடிமன், அடிப்பகுதியிலிருந்து அது நிற்கும் தூரம் எல்லாம் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே வரையறுக்கப்பட்டவை. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை அந்த இடத்தில் இருக்கிறது என்று நம்பி வடிக்கப்பட்டது.

எல்இடி பல்பில் அந்த இடத்தில் இருப்பது ஒரு தட்டையான பலகை. அதன் இரு பக்கமும் ஒளிவிடும் சிறு சில்லுகள் (சிப்) ஒட்டியிருக்கும். இழை எல்லாத் திசையிலும் ஒளிவிட்டது. சில்லுகள் இரு பக்கம் மட்டுமே விடுகின்றன. பலகையின் தடிமனால் இரண்டு ஒளிமூலமும் மையத்திலிருந்து விலகி நிற்கின்றன. விளைவு, ரிஃப்ளெக்டரின் சில பகுதிகளுக்கு அளவுக்கு மீறியும் சில பகுதிகளுக்குப் போதாமலும் ஒளி சேர்கிறது. வாகனத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளீரென்று இருக்கும், ஓட்டுபவர் மகிழ்ந்துபோவார். ஆனால் அந்தப் பளபளப்புக்குக் கண் பழகிவிடுவதால், தொலைவில் மங்கலாக நிற்பது முன்னைவிடக் குறைவாகவே தெரியும். வேகமாகப் போகும்போது உயிரைக் காப்பது அந்தத் தொலைவுதான்.

இந்த வழியிலும் சட்டபூர்வமான ஒரு கதவு உண்டு. ஜெர்மனியில் 2020-ஆம் ஆண்டு ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்7 எல்இடி பல்புக்கு ஒப்புதல் கிடைத்தது; அடுத்து பிலிப்ஸ் நிறுவனமும் பெற்றது. ஆனால் அந்த ஒப்புதல் எல்லா வாகனத்துக்கும் பொருந்தாது. ஒவ்வொரு விளக்கிலும் சோதித்துப் பார்த்து, வாகன மாதிரியும் விளக்கின் ஒப்புதல் எண்ணும் பட்டியலில் இருந்தால் மட்டுமே செல்லும். மேலே சொன்ன காரணம் இங்கே உறுதிப்படுகிறது: பல்பு நல்லதா என்று கேட்கவில்லை, இந்த விளக்கில் நல்லதா என்றே கேட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் உங்கள் நாட்டில் செல்லுபடியாகாவிட்டால் அதே பல்பு அங்கே ஒப்புதலற்றதுதான்.

ஒளியை உள்ளே இருக்கும் லென்ஸ் வழியே அனுப்பும் புரொஜெக்டர் விளக்கில் போட்டால் கூச்சம் வராது என்று சொல்வார்கள். பாதி உண்மை. புரொஜெக்டரில் வெட்டுக்கோட்டைத் தருவது உள்ளே நிற்கும் தடுப்புத் தகடு. ஆகவே மேலே சிதறுவது குறையும். கற்றைக்குள் ஒளி பரவியிருக்கும் விதம் மாறிப்போவது மட்டும் அப்படியேதான் இருக்கும். சட்டத்தின் பார்வையில் ரிஃப்ளெக்டருக்கும் புரொஜெக்டருக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு இல்லை.

மறைமுகச் செலவுகள் பல. மின்சாரம் குறைவாக இழுப்பதால் வாகனக் கணினி பல்பு போய்விட்டது என்று எண்ணி எச்சரிக்கும். அதை ஏமாற்ற மின்தடை கொண்ட இணைப்பு வாங்க வேண்டும், அது சூடேறும். பின்னால் நீளும் விசிறியோ வெப்பத்தகடோ மூடிக்குள் அடங்காவிட்டால் மூடியைத் திறந்து வைப்பார்கள், தூசும் ஈரமும் உள்ளே போகும். மலிவான மின்சுற்று ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். ஹாலஜன் பல்பு பழுதானால் முழுதாக அணைந்துவிடும். எல்இடியில் ஒரு பக்கச் சில்லு மட்டும் அணைந்து, ஓட்டுபவர் கவனிக்காமலே கற்றை கோணலாகிவிடும்.

## வழி மூன்று: செனான் கிட்

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. நான் யாருக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை. 1991-ல் பிஎம்டபிள்யூ 7 வரிசையில் அறிமுகமான செனான், அதற்கென்று வடிக்கப்பட்ட விளக்கில் அருமையான தொழில்நுட்பம். 35 வாட்டில் ஏறக்குறைய 3200 லூமென் தரும் அந்தப் பல்பை, 1500 லூமெனுக்கு வடித்த ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் வைத்தால் இரண்டு மடங்கு ஒளி கட்டுப்பாடின்றிச் சிதறும். 2000 லூமெனுக்கு மேற்பட்ட ஒளிமூலம் கொண்ட லோ பீம் விளக்குக்குத் தானாகச் சாய்வைச் சரிசெய்யும் அமைப்பும் லென்ஸ் கழுவும் அமைப்பும் வேண்டும் என்று 48-ஆம் விதி கேட்டதே இதனால்தான். கிட் வாங்குபவர் இரண்டையும் பெறுவதில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமும் இத்தகைய கிட்டுகள் தரநிலைக்கு உட்பட முடியாதவை என்றே விளக்கம் அளித்துள்ளது. பற்றவைக்கும் கணத்தில் இருபதாயிரம் வோல்ட்டைத் தாண்டும் மின்னழுத்தம் எழுவதால், சரியாகக் காப்பிடப்படாத இணைப்பு பழுதுபார்ப்பவரின் உயிருக்கும் ஆபத்து.

## வழி நான்கு: ஒப்புதல் பெற்ற முழு விளக்கு

வாகனத்தின் உயர்ரக மாதிரியில் தயாரிப்பாளரே பொருத்தும் எல்இடி விளக்கை, குறைந்த மாதிரியில் பொருத்துவது ஒன்று. வேறு நிறுவனம் செய்த, தனக்கென ஒப்புதல் எண் பொறித்த முழு விளக்கைப் பொருத்துவது இன்னொன்று. இரண்டிலும் ஒளிமூலமும் விளக்கும் ஒன்றாகச் சோதிக்கப்பட்டவை என்பதால், வெளிச்சத்தின் அளவிலும் தரத்திலும் எல்லாவற்றையும்விட இதுவே சிறந்தது.

செலவு இங்கே மறைந்திருப்பது விளக்குக்கு வெளியே. சாய்வைத் தானாகச் சரிசெய்ய அச்சுக்கு அருகே உணரி வேண்டியிருக்கலாம். கணினியில் புதிய விளக்கைப் பதிவுசெய்ய வேண்டியிருக்கலாம். ஒயரிங் கனெக்டர் வேறாக இருக்கலாம். சில நாடுகளில் மாற்றத்தைப் பதிவுச் சான்றில் குறிக்கவோ, முன் அனுமதி பெறவோ வேண்டும். பழுதானால் ஒரு பல்பு அன்று, முழு விளக்கையே மாற்ற வேண்டும்.

பழைய உதிரிபாகமாக இறக்குமதியாகும் விளக்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. லோ பீமின் வெட்டுக்கோடு இரு பக்கமும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. சாலையோரப் பக்கம் சற்று மேலேறியிருக்கும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான விளக்கை இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் மாட்டினால், மேலேறிய பகுதி நேராக எதிரே வருபவர் மீது விழும். இடப்பக்கப் போக்குவரத்துக்கான விளக்கின் லென்ஸில், அதை எதிரே நின்று பார்ப்பவருக்கு வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருக்கும். வலப்பக்கப் போக்குவரத்துக்கானதில் அம்பு இருக்காது. இரண்டுக்கும் மாற்றக்கூடியதில் இருமுனை அம்பு இருக்கும்.

## வழி ஐந்து: கூடுதல் விளக்குகள்

தெருவிளக்கே இல்லாத நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓட்டுபவருக்கு, ஒப்புதல் பெற்ற துணை ஹை பீம் விளக்கு பயன்படும். ஹை பீம் எரியும்போது மட்டும் எரிந்து, டிப் செய்தவுடன் அணையும்படி ஒயரிங் போட வேண்டும் என்பது இதன் முதல் நிபந்தனை. தனி சுவிட்சில் போட்டு எப்போதும் எரியவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது, அதுவே குற்றமாகிறது. மூடுபனி விளக்கு தொலைவைக் காட்டாது. தெளிந்த வானிலையில் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதால் ஓட்டுபவருக்கு ஒரு பயனும் இல்லை. கூரையின் மேல் வைக்கும் நீள எல்இடி பட்டைகள் பெரும்பாலும் ஒப்புதலற்றவை.

## பின் விளக்குகள் பற்றி ஒரு சொல்

பின்பக்கம் எல்இடி போட்டால் கூச்சமில்லையே என்று இதை இலகுவாக எடுத்துக்கொள்கிறார்கள். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடியைப் போட்டால், அதன் ஒளியில் சிவப்புக் கூறு குறைவாக இருப்பதால் வெளியே வருவது மங்கலாகிவிடும். பிரேக் விளக்குக்கும் சாதாரணப் பின் விளக்குக்கும் இடையிலான பிரகாச வேறுபாடு குறைந்தால், பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் பிடித்தது தாமதமாகவே தெரியும். திருப்பக்குறி விளக்கு நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மினுக்க வேண்டும். மின்சாரம் குறைவாக இழுக்கும் பல்பைப் போட்டால் அது படபடவென்று அடிக்கத் தொடங்கும். கறுப்பு ஒட்டுத்தாளை லென்ஸின் மேல் ஒட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | ஒப்புதல் | தொலைவுப் பார்வை | எதிரே கூச்சம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| சீர்செய்து அதே வகை ஹாலஜன் | உண்டு | நல்லது | இல்லை | உயர்திறன் வகைக்கு ஆயுள் குறைவு |
| எல்இடி பல்பு, பட்டியலில் உள்ளது | அந்த நாட்டில், அந்த விளக்கில் மட்டும் | நல்லது | சோதிக்கப்பட்டது | ஆவணம், கூடுதல் இணைப்புகள் |
| எல்இடி பல்பு, பட்டியலில் இல்லாதது | இல்லை | பெரும்பாலும் குறைகிறது | அதிகம் | எச்சரிக்கை விளக்கு, சோதனைத் தோல்வி, காப்பீடு |
| செனான் கிட் | இல்லை | கணிக்க முடியாது | மிக அதிகம் | மேலதிகமாக மின் ஆபத்து |
| ஒப்புதல் பெற்ற முழு விளக்கு | உண்டு, அனுமதி தேவைப்படலாம் | மிகச் சிறப்பு | இல்லை | உணரி, கணினிப் பதிவு, பழுதானால் முழு மாற்று |
| துணை ஹை பீம் விளக்கு | ஒயரிங்கைப் பொறுத்தது | ஹை பீமில் மட்டும் | டிப்பில் அணைந்தால் இல்லை | ரிலே, ஒயரிங் |

## யாருக்கு எது

நகருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு வழி ஒன்றைத் தாண்டிப் போகக் காரணமே இல்லை. இரவில் நீண்ட பயணம் செய்பவர், லென்ஸும் மின்னழுத்தமும் சரியாக இருக்கின்றன என்று உறுதிசெய்த பின், ஒப்புதல் பெற்ற உயர்திறன் ஹாலஜனைப் போட்டுப் பார்க்கட்டும். அதுவும் போதவில்லை என்றால் துணை ஹை பீம் விளக்கைச் சேர்க்கலாம். வாகனத்தை இன்னும் பல ஆண்டு வைத்திருக்கப் போகிறவர், லென்ஸ் மெருகேற்றினாலும் தெளியாத நிலையில் இருந்தால், முழு விளக்கை மாற்றுவதில் பொருளுண்டு. பட்டியலில் உங்கள் வாகனமும் விளக்கும் இருந்து, உங்கள் நாட்டுச் சட்டமும் ஏற்றால், எல்இடி பல்பு நியாயமான தேர்வு. இல்லாவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் போட்டிருக்கிறார் என்பதற்காக அதை எடுக்க வேண்டாம்.

இரு சக்கர வாகனத்தில் நிலைமை சற்று வேறு. எச்எஸ்1 போன்ற பல்புகள் 35/35 வாட்டில் லோ பீமுக்கு 525 லூமெனே தருகின்றன. மனக்குறைக்கு நியாயம் உண்டு. சிறிய ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பின் சிதறல் இன்னும் மோசமாக இருப்பதால், அங்கேயும் முதலில் மின்னழுத்தத்தையும் சாய்வையும் பார்ப்பதே வழி. பின்னால் ஒருவர் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

## வாங்குவதற்கு முன்னும் மாட்டிய பின்னும்

ஐ.நா. விதிமுறையைப் பின்பற்றும் பொருள் என்றால், விளக்கின் கண்ணாடியிலும் பல்பின் அடிப்பகுதியிலும் வட்டத்துக்குள் 'இ' என்ற ரோமன் எழுத்தும் ஒப்புதல் தந்த நாட்டின் எண்ணும் இருக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். விளக்கின் மேல் எச்சி என்றால் ஹாலஜன் லோ பீம், எச்ஆர் என்றால் ஹாலஜன் ஹை பீம், எச்சிஆர் என்றால் இரண்டும். டிசி என்று தொடங்கினால் செனானுக்கு உரியது. எச்சிஆர் என்று பொறித்த விளக்கில் செனானைப் போட்டது சோதனையாளருக்கு அந்த எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பெட்டியில் மட்டும் குறி அச்சிட்டு, பொருளில் பொறிக்காதவற்றை வாங்க வேண்டாம்; மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனைக்கு மட்டும் பெற்ற குறியைக் காட்டி, ஒளிக்கே ஒப்புதல் இருப்பதாக விற்பவர்களும் உண்டு.

பல்பை எப்போது மாற்றினாலும், அதே வகையாக இருந்தாலும், சாய்வைச் சரிபார்க்க வேண்டும். டயர்களில் சரியான காற்றும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவரும் இருக்க, வாகனத்தைச் சமதரையில் சுவருக்கு மிக அருகே நிறுத்தி, இரண்டு விளக்கின் மையமும் எந்த உயரத்தில் விழுகிறது என்று சுவரில் கோடிடுங்கள். பிறகு நேராகப் பின்னால் பத்து மீட்டர் வந்து லோ பீமை எரியவிட்டால், வெட்டுக்கோட்டின் தட்டையான பகுதி அந்தக் கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கின் மேலோ பானட்டுக்கு அடியிலோ வேறு சதவீதம் பொறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். வெட்டுக்கோடே தெரியாமல் வெளிச்சம் திட்டுத்திட்டாகச் சுவர் முழுவதும் பரவினால், அதைச் சாய்வுத் திருகால் சரிசெய்ய முடியாது. அந்தப் பல்பு அந்த விளக்குக்கு உரியதல்ல. சோதனை மையத்தில் கருவியால் அளந்து தரும் தாள் கிடைத்தால், பல்பின் ஒப்புதல் ஆவணத்தோடு சேர்த்து அதையும் வாகனத்திலேயே வைத்திருங்கள்.